கேளுங்க, குன்னூர் அக்கா சொல்றேன்: வாயாடியும் வாய் திறக்காதவரும்

போன இதழ்ல கடைசி வரில சும்மா ஒரு கேள்வி போட்டிருந்தேன், வாயாடியும் வாயே திறக்காதவங்களும் ஜோடி சேர்ந்தா செட் ஆகுமா, உங்க வீட்டு நிலவரம் என்னன்னு. ஆடி மாசத்து மழைல கரண்டும் இல்லாம டவரும் இல்லாம எல்லாரும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தீங்க போல, கூடலூர்ல இருந்து கோத்தகிரி வரைக்கும் கடுதாசியும் வாட்ஸ்அப்பும் வந்து குவிஞ்சிடுச்சு. எல்லாத்துக்கும் இங்க இடமில்ல, கையில கிடைச்சதுல சிலதை எடுத்திருக்கேன். பேரு எதுவும் போடல, அடையாளம் தெரியற விஷயத்தை லேசா மாத்தியும் இருக்கேன், அதனால இது எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுதானேன்னு யாரும் துப்பறிய வேண்டாம்.

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு, குன்னூர்ல ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். வீட்டுல படுகு மொழி பேசுவோம், தமிழ்ல தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. எனக்கு நிச்சயம் ஆயிடுச்சு, மாப்பிள்ளைக்கு கேத்தி பாலாடால கேரட் தோட்டம். நான் லொடலொடன்னு பேசற டைப், எங்க ஹட்டில, அதான் எங்க ஊர்ல, எனக்கு ரேடியோன்னே பேரு. அவரு ஆப்போசிட். நான் பத்து மெசேஜ் போட்டா அவரு "ம்"னு ஒண்ணு போடுவாரு, ரொம்ப மூடு நல்லா இருந்தா "பாக்கலாம்". போன வாரம் மேட்டுப்பாளையம் போய் துணி எடுத்தோம், எனக்கு பர்லியார் தாண்டறதுக்குள்ள வாந்தி வந்துடும், அவரு பாக்கெட்ல எலுமிச்சம்பழமும் ஒரு கவரும் வச்சிருந்து எடுத்துக் குடுத்தாரு, அப்பக்கூட ஒரு வார்த்தை பேசல. என்னைப் புடிக்காம வீட்டுல சொன்னாங்கன்னு ஒத்துக்கிட்டாரோன்னு பயமா இருக்கு. இப்படி ரெண்டு எதிர் குணம் சேர்ந்தா வாழ்க்கை ஓடுமா? (கோத்தகிரி பக்கம்)

பதில்: கண்ணு, உன் கடுதாசி முழுசும் அவரு பேசலைங்கற புலம்பல்தான், இங்க நான் சுருக்கிப் போட்டிருக்கேன். நடுவுல ஒரே ஒரு வரில அந்த எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் போட்டுட்டு போயிட்ட. எனக்கு அந்த வரிதான் திரும்பத் திரும்பப் படிக்கத் தோணுச்சு. உனக்கு வளைவுல வாந்தி வரும்னு உன் அம்மாவோ தங்கச்சியோ எப்பவோ சொன்னதை அந்த மனுஷன் காதுல வாங்கி, ஞாபகம் வச்சு, கிளம்பற அன்னிக்கு காலைல மறக்காம எடுத்து பாக்கெட்ல போட்டிருக்காரு. (நம்ம மாவட்டத்துல பிளாஸ்டிக் கவருக்குத் தடை இருக்கறப்ப மாப்பிள்ளை எங்க இருந்து கவர் புடிச்சாருன்னு நான் கேக்கப் போறதில்ல.) இதை வச்சு அவரு உத்தமர்னு சர்டிபிகேட் குடுக்கலை, ஒரு எலுமிச்சம்பழத்துக்கு அவ்ளோ மதிப்பு கிடையாது. ஆனா என்னைப் புடிக்கலைங்கற உன் கேஸுக்கு இது எதிர்சாட்சி, அதை நீ மறைக்கக் கூடாதில்ல.

அவரு கம்மியா பேசறாருங்கறது ஒரு விஷயம். என்னைப் புடிக்கல, அதான் பேசலன்னு நீயா முடிவு கட்டினது இன்னொரு விஷயம். முதல்ல சொன்னது அவரோட சுபாவம், அது உனக்கு முன்னாடியே இருந்துச்சு, அவங்க அம்மாகிட்ட கேட்டுப் பாரு, பள்ளிக்கூடம் படிக்கறப்பவே இப்படித்தான்னு சொல்லுவாங்க. ரெண்டாவது உன் மண்டைக்குள்ள ராத்திரி 11 மணிக்கு முளைச்சது. எதிர் குணம் உள்ள ஜோடிங்க எத்தனையோ பேரு கடுதாசி போட்டாச்சு எனக்கு, அதுல பாதிக்கு மேல பிரச்சனை குணத்துல இல்ல, எதிராளி குணத்தை நம்ம மேல வந்த தீர்ப்பா எடுத்துக்கறதுலதான் இருக்கு. அவன் பேசலையா, என்னை மதிக்கல. அவ ரொம்ப பேசறாளா, நான் அவளுக்குப் பத்தல. இந்நேரம் உன் ஆளும் அங்க உக்காந்து, இவ்ளோ பேசற பொண்ணு, நான் போரடிக்கறேனோன்னு யோசிச்சுட்டு இருக்கலாம், யாரு கண்டா.

இதை நான் என் அனுபவத்துல மட்டும் சொல்லல. 2020ல சமந்தா ஜோயல்னு கனடா ஆராய்ச்சியாளர் தலைமைல பெரிய குழு ஒண்ணு, ஏற்கெனவே நடந்த 43 ஆய்வுகளோட தகவலை ஒண்ணாச் சேர்த்து, மொத்தம் 11,196 ஜோடிங்க, கம்ப்யூட்டர்ல போட்டு அலசினாங்க, ஒரு உறவு நல்லா இருக்குமா இல்லையான்னு எதை வச்சு கண்டுபிடிக்கலாம்னு. ஆளோட குணம், வயசு, வளர்ந்த விதம் இதெல்லாம் சொன்னதை விட, அந்த ரெண்டு பேருக்கு நடுவுல என்ன ஓடுதுங்கறதுதான் ரொம்ப அதிகமா சொல்லுச்சு. அதுல முன்னாடி வந்தது என்ன தெரியுமா, இவரு நம்மள விட்டுட்டுப் போக மாட்டாருன்னு நாம நம்பறோமா, ஒருத்தரை ஒருத்தர் அருமையா நினைக்கறோமா, தாம்பத்தியத்துல திருப்தியா, அவரும் சந்தோஷமா இருக்காருன்னு நமக்குத் தோணுதா, சண்டை எவ்ளோ. இன்னும் ஒண்ணு, அவரோட குணம் என்னங்கறது உன் சந்தோஷத்தைப் பத்தி சொன்னது ரொம்பக் கொஞ்சம்தான். "ம்"னு மெசேஜ் போடறவரா பத்து வரி போடறவராங்கறது அப்போ ஓரமாப் போயிடுது பாத்தியா.

நடைமுறைக்கு வருவோம். கேரட்காரங்க பொழப்பு உனக்குத் தெரியாததில்ல, விடியறதுக்கு முன்னாடி நெத்தில லைட்டக் கட்டிக்கிட்டு ஆளுங்களோட தோட்டத்துல இறங்கி, புடுங்கினதை மெஷின்ல கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு வண்டி ஏத்தி விடற மனுஷன், ராத்திரி 10 மணிக்கு உன் மெசேஜுக்கு "ம்" போட்டதே பெருசு. மெசேஜ்ல அவரை அளக்காத. எதிர எதிர உக்கார வச்சு "ஏதாவது பேசுங்க"ன்னு சொன்னா இந்த டைப் ஆளுங்க வாய் இன்னும் இறுகிடும். கூட நடந்து பாரு, தோட்டத்துல வேலை பாக்கறப்ப பக்கத்துல நின்னு பாரு, கை வேலையா இருக்கறப்ப வாய் தானா திறக்கும். ஒரு கேள்வி கேட்டுட்டு, அமைதி தாங்காம நீயே பதிலும் சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடறியான்னும் கவனி. ரேடியோன்னு பேரு வாங்கினவங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு, எனக்கும் உண்டு.

உன் பேச்சு மொத்தத்தையும் ஒரே ஆளு கேக்கணும்னு வச்சுக்காத. தங்கச்சி இருக்கா, ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, பஸ்ல தினம் கூட வர கூட்டம் இருக்கு. கல்யாணம் ஆனதும் அவங்களையெல்லாம் கட் பண்ணிட்டு சாயங்காலம் அவரு ஒருத்தர் மேல மொத்தமா கொட்டினா அவரு தாங்க மாட்டாரு.

ஒரு இடத்துல மட்டும் விட்டுக் குடுக்காத. கல்யாணத்துக்கு அப்புறம் நீ வேலைக்குப் போறதா இல்லையா, உன் சம்பளம் யாரு கையில, அவங்க அப்பா அம்மா கூடவா தனியாவா, தோட்டத்து மேல கடன் எவ்ளோ, குடிப் பழக்கம் உண்டா. இதுக்கெல்லாம் "ம்"முன்னு சொன்னா, "பாக்கலாம்"னு சொன்னா, ஒத்துக்காத. கம்மியா பேசறவரு கம்மி வார்த்தைல தெளிவாச் சொல்லட்டும். பேச்சுக் குறைவா இருக்கறவங்களோட குடும்பம் நடத்தலாம், கடன் எவ்ளோன்னு தெரியாம நடத்த முடியாது.

கேள்வி: அக்கா, எதிரெதிர் துருவம்தான் ஈர்க்கும்னு சொல்றாங்களே, அது மனுஷங்களுக்கும் பொருந்துமா? (வெலிங்டன்)

பதில்: காந்தத்துக்குப் பொருந்தும். மனுஷங்களுக்குப் பெருசா பொருந்தாது. 2023ல அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்து ஆளுங்க நூத்துக்கும் மேல குணங்களை எடுத்து, லட்சக்கணக்கான ஜோடிங்களைப் பத்தின தகவலை அலசிப் பாத்தாங்க. பெரும்பாலான விஷயத்துல ஒத்தவங்கதான் ஒத்தவங்களைக் கட்டியிருக்காங்க, படிப்பு, அரசியல், சாமி நம்பிக்கை, தண்ணி சிகரெட்டு பழக்கம், இதுல எல்லாம் நல்லாவே ஒத்துப்போகுது. ஆனா கலகலப்பா அமைதியாங்கற விஷயத்துல மட்டும் ஒரு கணக்கும் நிக்கல, கலகலப்பானவங்க கலகலப்பானவங்களையும் கட்டியிருக்காங்க, அமைதியானவங்களையும் கட்டியிருக்காங்க. அதனால சொந்தக்காரங்க யாராவது "நீ வாயாடி, அமைதியானவனாப் பாத்துத்தான் கட்டணும்"னு சொன்னாலும் நம்பாதீங்க, "கட்டவே கூடாது"ன்னு சொன்னாலும் நம்பாதீங்க.

கேள்வி: அக்கா, நான் ஊட்டி, 24 வயசு, மொபைல் கடைல வேலை. ரெண்டு வருஷமா ஒரு பொண்ணும் நானும் லவ் பண்றோம். அவ கே-டிராமா, அதான் கொரியா சீரியல், பைத்தியம். திடீர்னு 16 டைப் பர்சனாலிட்டி டெஸ்ட்னு ஒரு லிங்க் அனுப்பி என்னையும் எழுத வச்சா. அவ ஐ.என்.எஃப்.ஜே.வாம், நான் ஈ.எஸ்.டி.பி.யாம், நாலு எழுத்தும் நேர் எதிராம், ஏதோ சார்ட்ல நம்ம கட்டம் சிவப்பா இருக்கு, செட் ஆகாதுன்னு சொல்றா. அவ பர்த்டேக்கு 12 பசங்களக் கூட்டி போட் ஹவுஸ்ல சர்ப்ரைஸ் குடுத்து மூஞ்சில கேக் தடவி, ரீல்ஸ் எடுத்துப் போட்டேன் அக்கா, அவ்ளோ லவ் பண்றேன், அடுத்த வாரமே இந்த டெஸ்ட் மேட்டர். அந்த சார்ட் உண்மையா?

பதில்: தம்பி, முதல்ல டெஸ்ட்டு கதையச் சொல்லிடறேன், கேக் கதைக்கு அப்புறம் வரேன்.

சுவிட்சர்லாந்துல கார்ல் யுங்னு ஒரு மனோதத்துவ டாக்டர், 1921ல மனுஷங்களை உள்முகம் வெளிமுகம்னு பிரிச்சு ஒரு புத்தகம் எழுதினாரு. இன்ட்ரோவர்ட் எக்ஸ்ட்ரோவர்ட்னு இன்னிக்கு சேரிங் கிராஸ் டீக்கடை வரைக்கும் பேசறது எல்லாம் அங்க இருந்து பரவினதுதான். அவரே, முழு இன்ட்ரோவர்ட் முழு எக்ஸ்ட்ரோவர்ட்னு ஒருத்தன் இருந்தா அவன் பைத்தியக்கார ஆஸ்பத்திரிலதான் இருப்பான்கற மாதிரி பின்னாடி சொன்னாரு. அதைப் படிச்சுட்டு அமெரிக்காவுல கேத்தரின் பிரிக்ஸ்னு ஒரு அம்மாவும் அவங்க பொண்ணு இசபெல் மையர்ஸும் ரெண்டாம் உலகப்போர் சமயத்துல கேள்வித்தாள் தயார் பண்ணி 16 டைப்பா பிரிச்சாங்க, அதுக்குப் பேருதான் எம்.பி.டி.ஐ. ரெண்டு பேருமே மனோதத்துவம் படிச்சுப் பட்டம் வாங்கினவங்க கிடையாது, ஆர்வத்துல பண்ணினாங்க, கெட்டிக்காரங்கதான், அதுல சந்தேகமில்ல. கொரியாவுல இப்ப பொண்ணும் பையனும் பழக ஆரம்பிச்சா முதல்ல கேக்கறதே உன் எம்.பி.டி.ஐ. என்னன்னுதான், உன் ஆளுக்கு டிராமா வழியா அது வந்து சேர்ந்திருக்கு.

இதுல கோளாறு எங்கன்னா, எழுத்துக்குப் பின்னாடி ஒரு மார்க் இருக்கு. கலகலப்புல 51 வாங்கினவனுக்கு ஈ, அதாவது எக்ஸ்ட்ரோவர்ட், 49 வாங்கினவனுக்கு ஐ, அதாவது இன்ட்ரோவர்ட். அந்த ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே ஆளு, ஆனா சார்ட்ல எதிரிங்க. 51 வாங்கினவனும் 98 வாங்கினவனும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், ஆனா ஒரே எழுத்து. நம்மள்ல பெரும்பாலான பேரு நடுவுலதான் இருக்கோம். அதனாலதான் சில வாரம் கழிச்சு திரும்ப எழுதினா நிறைய பேருக்கு ஒரு எழுத்தாவது மாறிடுது, நீங்க ரெண்டு பேரும் அடுத்த மாசம் திரும்ப எழுதிப் பாருங்க, சார்ட்ல கட்டம் நகர்ந்தாலும் நகரும். இன்னிக்கு மனோதத்துவம் படிச்சவங்க ஆளை டைப்ல அடைக்கறதில்ல, அஞ்சு குணத்தை எடுத்து ஒவ்வொண்ணுலயும் நீ எவ்ளோன்னு அளவுதான் பாக்கறாங்க. இந்த டைப்புக்கும் அந்த டைப்புக்கும் கல்யாணப் பொருத்தம்னு சொல்ற சிவப்புப் பச்சைக் கட்டத்துக்கு ஆதாரம்னு ஒண்ணும் கிடையாது.

டெஸ்ட்டு அவ்ளோதான். இப்ப கேக்கு.

நீ எழுதினதை நீயே திரும்பப் படி. கூட்டம்னா ஒதுங்கிப் போற பொண்ணு பொறந்தநாளுக்கு, அவகிட்ட கேக்காம, சீசன் கூட்டம் இருக்கற போட் ஹவுஸ்ல, 12 பசங்க முன்னாடி, மூஞ்சில கேக்கைத் தடவி, அதை ஊரே பாக்கற மாதிரி ரீல்ஸ்ல போட்டுட்டு, அடுத்த வாரமே அவ டெஸ்ட் லிங்க் அனுப்பிட்டான்னு ஆச்சரியப்படற. தம்பி, அவளுக்கு அந்த சார்ட்டு ஒரு சாக்கு. "எனக்கு அன்னிக்கு அழுகை வந்துச்சுடா"ன்னு நேரா சொல்ல வாய் வரல, எழுத்து நாலையும் காட்டிச் சொல்றா. அது உன் பக்கம் லவ்தான், நான் இல்லேன்னு சொல்லல, ஆனா உனக்குப் பொறந்தநாள் வந்தா எப்படி இருக்கணும்னு நீ ஆசைப்படுவியோ அதை அவளுக்குப் பண்ணியிருக்க. போய் "அன்னிக்கு உனக்கு எது புடிக்கல"ன்னு கேளு. கேட்டுட்டு வாதாடாத. அந்த ரீல்ஸ எடுத்துடு, கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடு. அவ பதில் சொல்லியும் பிரியணும்னுதான் சொன்னான்னா, அதுக்கு சார்ட்டு வேண்டாம், அவ சொல்றதே போதும், மதிச்சு விட்டுடு.

கேள்வி: அம்மாங்கறதால கேக்கறேன், அருவங்காடு. மகளுக்கு கேட்டை நட்சத்திரம், ராட்சச கணம். நல்ல பையன் அமைஞ்சிருக்கான், புனர்பூசம், தேவ கணம். மத்ததெல்லாம் பொருந்தியிருக்கு, கணம் மட்டும் சேரலன்னு ஜோசியர் யோசிக்கறார். நிஜத்துலயும் மகளுக்கு மூக்கு மேல கோபம், பையன் பூ மாதிரி. பயமா இருக்கு.

பதில்: அம்மா, மேல அந்தப் பையனுக்கு 16 கட்டம்னு ஒரு கதை சொன்னேன் பாருங்க, நம்ம ஊர்ல அதையே ரொம்ப காலம் முன்னாடி 3 கட்டத்துல முடிச்சுட்டாங்க. 27 நட்சத்திரத்தை ஒம்பது ஒம்பதாப் பிரிச்சு தேவம், மனுஷம், ராட்சசம். அப்படிப் பாத்தா ஊர்ல மூணுல ஒருத்தர் ராட்சசம், நீலகிரி எக்ஸ்பிரஸ்ல ஒரு பெட்டில எத்தனை ராட்சசங்க உக்காந்து சென்னை போறாங்கன்னு கணக்குப் போட்டுக்கோங்க. எனக்கு இதுல நம்பிக்கை கம்மி, மறைக்கல. ஆனா உங்களுக்கு நம்பிக்கை இருக்கு, அதனால உங்க கணக்குப்படியே பேசறேன். பொண்ணு நட்சத்திரத்துல இருந்து பையன் நட்சத்திரம் 14க்கு மேல தள்ளி இருந்தா கண தோஷம் பாக்க வேண்டாம்னு சொல்ற ஜோசியருங்க நிறைய பேரு உண்டு. கேட்டைல இருந்து விரல் விட்டு எண்ணுங்க, புனர்பூசம் 17வது. ஸ்திரீ தீர்க்கம்ங்கற பொருத்தமும் அதுலயே வந்துடுது, ரஜ்ஜுப் பொருத்தத்துக்கும் ரெண்டு நட்சத்திரமும் வேற வேற ரஜ்ஜு. உங்க ஜோசியர்கிட்ட இதைக் கேளுங்க, அவருக்கே வழி தெரியும், கேக்கறதுக்கு ஆள் இல்லாம யோசிச்சுட்டு இருக்காரு.

கோபம்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு முக்கியமாப் படுது. எந்த மாதிரி கோபம்னு எழுதல. பாத்திரத்தை டம்முன்னு வச்சுட்டு, கத்திட்டு, அரை மணி நேரத்துல வந்து சாப்டியாம்மான்னு கேக்கற கோபமா, இல்ல எதிராளியோட குடும்பம், நிறம், சம்பாத்தியம்னு எது வலிக்குமோ அதைத் தேடிப் பிடிச்சுக் குத்தற கோபமா? முதல் வகைன்னா அந்தப் பூ மாதிரி பையன் ரெண்டு மாசத்துல பழகிடுவான். ரெண்டாவது வகைன்னா எந்தக் கணத்துப் பையனுக்கும் கஷ்டம்தான், அதுக்கு மகள்கிட்ட நீங்க பேசணும், நட்சத்திரத்துகிட்ட இல்ல. ஜான் காட்மன்னு அமெரிக்காவுல தம்பதிங்களை உக்கார வச்சு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணினவரு, குடும்பம் உடையறதுக்கு அறிகுறியா கோபத்தை விட ஏளனத்தைத்தான் பெருசாச் சொல்றாரு, கண்ணை உருட்டறது, மட்டம் தட்டறது, அந்த மாதிரி. இன்னும் ஒண்ணு, பையன்கிட்டயும் மகளைப் பேச விடுங்க. உங்களுக்கு மூக்கு மேல கோபம்னு படறது அவனுக்கு மனசுல பட்டதைச் சொல்ற பொண்ணாப் படலாம்.

கேள்வி: அக்கா, கூடலூர்ல இருந்து எழுதறேன். கல்யாணம் ஆகி ஆறு வருஷம். வீட்டுக்காரர் டூரிஸ்ட் வண்டி ஓட்டறாரு. வண்டில வரவங்ககிட்ட மசினகுடி யானைல இருந்து ஊட்டி வர்க்கி வரைக்கும் அவ்ளோ கதை சொல்லுவாரு, எல்லாரும் "சூப்பர் அண்ணா"ன்னு செல்ஃபி எடுத்துட்டுப் போவாங்க. வீட்டுக்கு வந்தா ஊமை. ஏதாவது சின்ன சண்டை வந்துட்டா எட்டு நாள், பத்து நாள் என் மூஞ்சியே பாக்க மாட்டாரு, நான் போய் தப்பு என் மேலதான்னு சொல்ற வரைக்கும். செலவுக்குக் கேட்டாலும் பதில் வராது. மாமியார் "அவன் சின்ன வயசுல இருந்தே அமைதி, நீதான் அனுசரிச்சுப் போகணும்"னு சொல்றாங்க. ராத்திரி வெளிய வந்து நின்னு அழக்கூட முடியாது, யானை நிக்கும். நான்தான் அவரு சுபாவத்தைப் புரிஞ்சுக்கலையா?

பதில்: இல்லம்மா. நீ சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டிருக்க, அதான் எனக்கு எழுதியிருக்க.

இதை ரெண்டாப் பிரிச்சுப் பாரு. நாள் பூரா வண்டி ஓட்டி, இ-பாஸ் செக்போஸ்ட்ல நின்னு, வரவங்க கேக்கற அதே கேள்விக்கு அதே பதிலைச் சிரிச்ச முகத்தோட சொல்லிட்டு வர மனுஷன் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஒண்ணும் பேசாம உக்காரறாருன்னா, அது சோர்வு. வெளிய பேசினது சம்பளத்துக்கு. அதுல தப்பு இல்ல, அதை நீ பொறுத்துக்கலாம், பொறுத்துக்கிட்டும் இருந்திருப்ப. சண்டை வந்தா கொஞ்சம் தள்ளிப் போறதும் சுபாவம்தான். ஒருத்தர் துரத்தித் துரத்திக் கேக்கறது, இன்னொருத்தர் விலகி விலகி ஓடறது, கேக்கக் கேக்க ஓடறதும் ஓட ஓட கேக்கறதும் ஜாஸ்தியாகறது, இது நிறைய வீட்டுல உண்டு. அதுக்கு மருந்தும் உண்டு, சூடு ஏறினா உடம்பு தணிய குறைஞ்சது 20 நிமிஷமாவது வேணும், விலகறவரு "நான் வெளிய போறேன், ஒம்பது மணிக்கு வந்து பேசறேன்"னு நேரம் சொல்லிட்டுப் போகணும், சொன்ன நேரத்துக்கு வரணும், மத்தவங்க அதுவரைக்கும் துரத்தக் கூடாது. அவ்ளோதான்.

நீ சொல்றது இது இல்ல. பத்து நாள், மூஞ்சி பாக்காம, செலவுக்குக் காசு குடுக்காம, நீ தப்ப ஒத்துக்கற வரைக்கும். அது அமைதி இல்ல, தண்டனை. இன்ட்ரோவர்ட்டுனு புதுசா ஒரு பேரு கிடைச்சிருக்குன்னு எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டு மூடறாங்க, எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சலா வருது. நிஜமா அமைதியான ஆம்பளைங்களை இந்த மலைல எவ்ளோ பேரைப் பாத்திருக்கேன், பேச மாட்டாங்க, ஆனா பொண்டாட்டி சுடுதண்ணி இல்லாம நடுங்கினா விறகு பொளந்து அடுக்கிட்டுப் போவாங்க, வீட்டுச் செலவுக்கு கையேந்த விட மாட்டாங்க.

சண்டை இல்லாத ஒரு நல்ல நாளாப் பாத்து, மாமியார் இல்லாத நேரத்துல, ஒரு தடவை நேராச் சொல்லு. "நீங்க பேசாம இருக்கறது எனக்குப் பழகிடுச்சு, பத்து நாள் இல்லாத மாதிரி நடத்தறது பழகல, பழகவும் மாட்டேன், செலவுக்காசு சண்டைல சேராது"ன்னு. இவ்ளோ போதும், அழுதுட்டே சொன்னாலும் பரவால்ல. மாறினா நல்லது. இல்லாத தப்பை ஒத்துக்கறதை மட்டும் நிறுத்திடு, அடுத்த தடவை அவரு நாள் எண்ணட்டும். அதுக்கு அப்புறம் குரல் உசந்தாலோ, கை நீண்டாலோ, மொத்தமா காசை நிறுத்தினாலோ, 181னு போன் பண்ணு, பெண்கள் உதவி எண், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க. 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல அடி மட்டும் இல்ல, மனசை நோகடிக்கறதும் செலவுக்குக் குடுக்காம அலைக்கழிக்கறதும் சேரும், இதை உன் மாமியாருக்கும் படிச்சுக் காட்டலாம். அம்மா வீடு எங்கன்னு எழுதல. பக்கத்துல யாராவது ஒருத்தருக்காவது இது தெரிஞ்சிருக்கட்டும். அடுத்த மாசம் எனக்கு எழுது, கண்டிப்பா எழுது, போடறதுக்கு இல்ல, நான் தெரிஞ்சுக்கறதுக்கு.

கேள்வி: அக்கா, எல்லாரும் எதிர் குணம்னு எழுதறாங்க, எங்க கேஸ் உல்டா. நானும் அமைதி, அவளும் அமைதி. குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு ஒரே காலை பஸ், ஒன்றரை வருஷமா பக்கத்து பக்கத்து சீட்டு. அவ லேட்டானா நான் பை போட்டு சீட்டு புடிச்சு வைப்பேன், நான் லேட்டானா அவ. புடிச்சிருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியும், ஆனா யாரும் சொல்லல. ஒரே மாதிரி இருக்கறவங்க சேர்ந்தா போரடிச்சுடும்னு ஃப்ரெண்டு பயமுறுத்தறான். (எடப்பள்ளி)

பதில்: ஒன்றரை வருஷமா போரடிக்காததா இனிமேல் போரடிக்கப் போகுது? ஃப்ரெண்டுக்கு வேற வேலை குடு.

உங்க ஜோடிக்கு ஆபத்து போரு இல்ல தம்பி, முடிவு எடுக்க வேண்டிய நேரத்துல ரெண்டு பேரும் மத்தவங்க ஆரம்பிப்பாங்கன்னு காத்துட்டு இருக்கறது. இப்ப நடக்கறதே அதுதான். நாளைக்கு வீட்டுல அவளுக்கு வேற இடம் பாத்தாலும் அவ சொல்ல மாட்டா, நீ கேக்க மாட்ட, ஒரு நாள் சீட்டு காலியா இருக்கும், நீ பை போட்டு வச்சுட்டே இருப்ப. யாராவது ஒருத்தர் முதல்ல வாயத் திறக்கணும், அது நீயா இருக்கட்டும், ஏன்னா எழுதினது நீதான். பெருசா வசனம் எல்லாம் வேண்டாம், ரீல்ஸ் வேண்டவே வேண்டாம், மேல ஒருத்தன் பட்ட பாட்டைப் பாத்தல்ல. பஸ்ல நாலு பேரு காதுல விழற மாதிரி வேண்டாம், ஊட்டில இறங்கி நடக்கறப்ப, "உன்னை எனக்குப் புடிச்சிருக்கு, உனக்கு எப்படின்னு யோசிச்சுச் சொல்லு, அவசரம் இல்ல"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு ஆபீஸ் போயிடு. யோசிக்க நேரம் குடுத்தது அவளுக்குப் புடிக்கும், உன்னை மாதிரிதானே அவளும்.

இந்தப் பக்கத்தை அவளும் பஸ்ல படிப்பான்னு வேற எழுதியிருக்க. எடப்பள்ளி, காலை பஸ், பை போட்டுப் புடிச்ச சீட்டு, இதெல்லாம் நான் மாத்தல, வேணும்னேதான் மாத்தல. சீக்கிரம் சொல்லிடு தம்பி.